கைத்தையல், எம்ப்ராய்டரி, பின்னல்: புதிதாகத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊசி நூல் பிடிக்க ஆசைப்படும் சிங்கப்பூர்த் தமிழ் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கைத்தையல், எம்ப்ராய்டரி, நிட்டிங் (இரண்டு ஊசிப் பின்னல்), குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) எல்லாம் கலந்தே வரும். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. வேண்டிய கேள்விக்குத் தாவிக்கொள்ளலாம்.

பத்து இருபது வெள்ளிக்குச் சட்டை கிடைக்கும் ஊரில் எதற்குக் கையால் தைக்க வேண்டும்?

காசு மிச்சம் பிடிக்க என்றால் வேண்டாம். நல்ல துணி, நல்ல நூல், உங்கள் நேரம் மூன்றையும் கணக்குப் பார்த்தால் கடைச் சரக்குதான் மலிவு. தைப்பது தைக்கும் சுகத்துக்காக. எம்ப்ராய்டரி வளையத்தில் இறுக்கிய துணியில் ஊசி இறங்கும்போது 'டப்' என்று மெல்லிய சத்தம் வரும். நூல் பின்னாலேயே சரசரவென்று ஓடும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தத்துக்கு மூச்சும் ஒத்துப்போகும். நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு, செய்த வேலை கண்ணெதிரே கிடப்பதே பெரிய நிம்மதி. மின்னஞ்சல் எத்தனை அனுப்பினாலும் சாயங்காலம் கையில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு அங்குலம் சங்கிலித் தையல் போட்டால் அது மறுநாளும் அங்கேயே இருக்கும்.

மனத்துக்கு நல்லது என்று சொல்கிறார்களே, உண்மையா என்றும் சேர்த்துக் கேட்பார்கள். 2013இல் பிரிட்டிஷ் தொழில்முறைச் சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் 3,545 பின்னல்காரர்களிடம் எடுத்த கருத்தாய்வு வெளிவந்தது. அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களாகவே சொன்னது என்பதால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஊசி பிடிக்கும் யாரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

எதில் தொடங்குவது? தையலா, எம்ப்ராய்டரியா, பின்னலா?

உங்கள் அலமாரியில் தொடங்குங்கள். பொத்தான் போன சட்டை, ஓரம் பிரிந்த பாவாடை, ஃபால்ஸ் (கீழ் ஓரத்தில் உள்பக்கம் தைக்கும் துணிப்பட்டை) வைக்காத சேலை ஏதாவது இருக்கும். புதுத் துணி வாங்கி அதில் பெரிய மயில் தைக்கத் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். வேண்டிய துணி ஒன்றைச் சரிசெய்தால் அன்றைக்கே உடுத்தலாம்.

என்னைக் கேட்டால் சேலைக்கு ஃபால்ஸ் வைப்பதைப் போல் நல்ல பயிற்சி வேறில்லை. தேக்கா நிலையத்தின் மாடியில் கொடுத்தால் தைத்துத் தந்துவிடுவார்கள், சரிதான். ஆனாலும் ஒரு முறை நீங்களே செய்து பாருங்கள். பருத்தி ஃபால்ஸை முதலில் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே அது சுருங்கிச் சேலையின் கீழ் ஓரத்தை இழுத்துவிடும். அப்புறம் சேலையைத் தரையில் அகல விரித்து, ஃபால்ஸின் கீழ் ஓரத்தைச் சேலை ஓரத்தோடு பொருத்திக் குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். மேல் ஓரத்தை ஹெம்மிங் செய்யும்போது ஊசி முனையால் சேலையின் ஒன்றிரண்டு இழையை மட்டும் எடுக்க வேண்டும். முன்பக்கம் திருப்பிப் பார்த்தால் புள்ளிகூடத் தெரியக் கூடாது. ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம் இப்படித் தைத்து முடிக்கும்போது கைக்கு ஒரு தாளம் வந்திருக்கும். அந்தத் தாளம் வந்த பிறகு எம்ப்ராய்டரிக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

என்னென்ன வாங்க வேண்டும்? இங்கே எங்கே கிடைக்கும்?

எம்ப்ராய்டரிக்கு ஒரு மர வளையம், காது நீண்ட எம்ப்ராய்டரி ஊசிகள், சின்னக் கூர்மையான கத்தரி, சாயம் போகாத நூல், அதிகம் நீளாத பருத்தித் துணி. இவ்வளவுதான். ஊசியின் எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இழைக்கு 7 அல்லது 8ஆம் எண் போதும். நூலில் டிஎம்சி, ஆங்கர் இரண்டும் நம்பி வாங்கக்கூடியவை. டிஎம்சி 1746இல் பிரான்ஸின் மல்ஹவுஸ் நகரில் தொடங்கிய பழைய நிறுவனம். அதன் நூல்கண்டு ஒன்றில் 8 மீட்டர் நூல் இருக்கும். நிறங்களுக்கு எண் உண்டு, 310 என்றால் கறுப்பு. எண்ணைக் குறித்து வைத்தால் நூல் தீர்ந்தபின் அதே நிறம் மறுபடி கிடைக்கும்.

கடைகளைப் பொறுத்தவரை, சைனாடவுன் பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு அருகில் அப்பர் கிராஸ் ஸ்திரீட்டில் இருக்கும் பீப்பிள்ஸ் பார்க் சென்டருக்குப் போங்கள். உல்லன் நூல், பின்னல் ஊசி, எம்ப்ராய்டரி நூல் எல்லாம் விற்கும் பழைய கடைகள் அங்கே உண்டு. பெரிய கடையில் நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஆசையென்றால் பிளாசா சிங்கப்பூராவில் உள்ள ஸ்பாட்லைட். துணிக்கு அரபு ஸ்திரீட். சரிகை, மணி, பார்டர், ஃபால்ஸ் துணிக்குச் சிராங்கூன் சாலைப் பக்கம்.

புத்தகம் வேண்டுமென்றால் வாங்காதீர்கள். பொது நூலகத்தில் 746 என்ற எண் போட்ட அடுக்கில் எம்ப்ராய்டரி, பின்னல் புத்தகங்கள் இருக்கும். இரவல் எடுத்து ஒரு மாதிரியைச் செய்து பார்த்த பிறகு வாங்கலாம்.

நூல் ஏன் எப்போதும் சிக்கிக்கொள்கிறது?

நீளமாகக் கோத்திருப்பீர்கள். ஒரு முழத்துக்கு மேல் நூல் வேண்டாம். பூக்காரர் அளப்பதைப் போலவே முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து வெட்டுங்கள். நீள நூல் அடிக்கடி துணியில் உரசி உரசிப் பஞ்சு கிளம்பும், பளபளப்பும் போய்விடும்.

இன்னொரு காரணம், இழைகளைச் சேர்த்தே பிரிப்பது. எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழைகள் இருக்கும். இரண்டு இழை வேண்டுமென்றால் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து இழுக்காதீர்கள். மீதி நான்கும் முடிச்சாகும். இடது கை விரல்களில் நூல் நுனியைத் தளர்வாகப் பிடித்து, ஒரே ஒரு இழையை மட்டும் நேராக மேலே உருவுங்கள். மற்ற ஐந்தும் கீழே சுருண்டு குவியும், பயப்படாதீர்கள், தடவிவிட்டால் நேராகிவிடும். அடுத்த இழையையும் அப்படியே உருவி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்த நூல் துணியில் தட்டையாக, பட்டுப்போலப் படியும். தைக்கத் தைக்க நூல் முறுக்கேறினால், துணியைத் தலைகீழாகப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள். அதுவே சுழன்று முறுக்கை விட்டுவிடும்.

முதலில் எந்தத் தையல்களைக் கற்க வேண்டும்?

ஓட்டுத் தையல் (ரன்னிங்), பின் தையல் (பேக்), காம்புத் தையல் (ஸ்டெம்), சங்கிலித் தையல் (செயின்). இந்த நான்கும் கைவந்தால் கொடி, இலை, பெயர், பூ எதையும் போடலாம். பிரெஞ்சு நாட் என்னும் முடிச்சுப் புள்ளி ஐந்தாவது. அதற்கு ஊசியில் நூலை ஒன்றிரண்டு சுற்று சுற்றி, வெளியே வந்த துளையிலேயே இறக்காமல் ஓரிழை தள்ளி இறக்க வேண்டும். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும். இதழை நூலால் நெருக்கமாக நிரப்பும் சாட்டின் தையல் பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் ஓரம் சீராக வர நிறைய நாளாகும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கோலத்தைத் துணியில் போட முடியுமா?

முடியும். இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம் தாங்காது. அடுக்குமாடி வீட்டின் பொது நடைபாதையில் தினம் கோலம் போட முடியாதவர்களுக்குத் துணி ஒரு நல்ல வாசல்.

கிராஸ் ஸ்டிச்சுக்கு விற்கும் ஐடா துணி கட்டம் கட்டமாக நெய்தது. 14 எண் ஐடா என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். நான்கு கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்து, ஏழு புள்ளி ஏழு வரிசைச் சிக்குக் கோலம் போட்டால், சுற்று வளைவோடு சேர்த்து 28 கட்டம், அதாவது சரியாக இரண்டு அங்குலச் சதுரம் வரும். கைக்குட்டை மூலைக்கும் பணப்பைக்கும் கச்சிதம். கட்டத் துணியில் வளைவுகள் சாய்கோடுகளாக மாறும். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் கண் அவற்றை வளைவாகவே எடுத்துக்கொள்ளும். புள்ளிகளுக்குப் பிரெஞ்சு நாட் போடுங்கள்.

கோட்டை எந்தத் தையலில் போடுவது? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடியும் ஒற்றைக்கோட்டுக் கோலமாகத் தேர்ந்தெடுங்கள். முதல் சுற்றில் ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே என்று ஓட்டுத் தையலில் கோலம் முழுவதும் சுற்றி வாருங்கள். அப்புறம் வந்த வழியே திரும்பி, விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே போங்கள். கோடு இரண்டு பக்கமும் முழுமையாகிவிடும். முடிச்சு போடாமல் நூல் நுனியைத் தையலுக்குள்ளேயே மறைத்துவிட்டால், துணியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கோடு ஓடும். கோலம் போடும் கைக்குப் பாதை ஏற்கெனவே தெரியும். அதனால் எம்ப்ராய்டரி தெரியாத பாட்டிமார்கூட இதை மளமளவென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

கட்டம் எண்ணித் தைப்பது பிடித்துப்போனால் நீலகிரித் தோடர்களின் பூவேலையையும் தேடிப் பாருங்கள். வெள்ளைப் பருத்திச் சால்வையில் சிவப்பும் கறுப்புமாக, எதையும் வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணியே தைப்பார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்த வெயிலில் யார் ஸ்வெட்டர் போடுவது? பின்னல் கற்று என்ன பயன்?

அலுவலகத்தின் குளிர்சாதனத்துக்குக் கீழே ஒரு நாள் உட்கார்ந்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். நூலகம், திரையரங்கு, துணைப்பாட நிலையம் எல்லாமே குளிர்தான். கம்பளி வேண்டாம், பருத்தி நூலிலோ பருத்தியும் மூங்கில் இழையும் கலந்த நூலிலோ துளை வைத்த மெல்லிய சால்வை ஒன்று பின்னுங்கள். கைப்பையில் மடங்கிக் கிடக்கும். பிறந்த குழந்தைக்குத் தொப்பி, மெல்பர்னுக்கும் லண்டனுக்கும் படிக்கப் போன பிள்ளைக்குக் கழுத்துத் துண்டு என்று கேட்க ஆள் வந்துகொண்டே இருக்கும்.

தொடங்க 4 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி ஒரு ஜோடி, வெளிர் நிற நூல். கறுப்பு நூலில் கற்காதீர்கள், கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) கண்ணுக்குத் தெரியாது. வலது ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலைச் சுற்றி, அந்தச் சுற்றை வெளியே இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து இறக்குவது நிட். அதையே முன்பக்கமாகச் செய்வது பர்ல். உலகத்தில் உள்ள பின்னல் வேலைப்பாடு கிட்டத்தட்ட எல்லாமே இந்த இரண்டின் கலவைதான்.

குரோஷேக்கு ஒரே கொக்கி ஊசி. எந்த நேரத்திலும் பெரும்பாலும் ஒரே கண்ணிதான் கொக்கியில் இருக்கும். பொம்மை, பை, மேசை விரிப்புக்கு அது சுலபம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிட்டிங் போல ஆலை இயந்திரத்தில் குரோஷே செய்வதில்லை. கடையில் தொங்கும் குரோஷே மேலாடையை யாரோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார். விலை மிகக் குறைவாக இருந்தால், அவருக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பேன்.

நிட்டிங்கில் ஒரு கண்ணி நழுவிவிட்டால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். நழுவிய கண்ணி கீழே ஏணிப்படி போல இறங்கியிருக்கும். ஒரு குரோஷே கொக்கியைக் கீழே கிடக்கும் கண்ணிக்குள் விட்டு, மேலே உள்ள படியைப் பிடித்து இழுங்கள். அது புதுக் கண்ணியாகும். இப்படியே படிப்படியாக மேலே ஏறி, கடைசிக் கண்ணியை ஊசியில் ஏற்றிவிடலாம். இதை ஒரு தடவை செய்தவர்களுக்குப் பின்னலைப் பற்றிய பயமே போய்விடுகிறது. அதனால் பயிற்சித் துண்டில் வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவவிட்டுச் செய்து பாருங்கள்.

ரயிலில் பின்னலாமா?

தாராளமாக. ஊசி நீட்டிக்கொண்டிருக்காத சுற்றுக் கம்பி ஊசியோ குரோஷே கொக்கியோ எடுத்துப் போங்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு இருக்காது. எண்ணிக்கை அதிகம் இல்லாத வேலையாக இருக்கட்டும்.

ஆரி வேலை கற்கலாமா?

கல்யாண ரவிக்கைக்காக எல்லாரும் கேட்பது இது. ஆரி என்பது முனையில் கொக்கி உள்ள ஊசி. துணியைப் பெரிய மரச்சட்டத்தில் முரசுபோல் இறுக்கிக் கட்டி, ஒரு கை மேலே ஊசி பிடிக்க, மறு கை துணிக்கு அடியில் நூலைக் கொடுத்துக்கொண்டே வரும். மேலே சங்கிலித் தையல் வேகமாக ஓடும். மணியும் ஜமிக்கியும் அதனோடேயே ஏறும். கண்ணால் பார்க்க முடியாத அடிக்கையின் அசைவைக் காணொளியில் கற்பது கஷ்டம். தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதுதான் சரி. சட்டம் வைக்க வீட்டில் இடமும் வேண்டும். முதலில் சாதாரண ஊசியில் ஒரு வருடம் போகட்டும் என்பது என் கருத்து.

ஆண்கள் செய்யலாமா?

தேக்காவின் தையற்காரர்களில் எத்தனை ஆண்கள் என்று பாருங்கள். வட இந்தியாவில் ஜர்தோசி என்னும் சரிகை வேலையைப் பரம்பரையாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் முக்குளிப்பில் தங்கம் வென்ற பிரிட்டன் வீரர் டாம் டேலி, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்ததை உலகமே பார்த்தது. பதக்கத்துக்கும் அவரே ஓர் உறை பின்னினார்.

சிங்கப்பூரில் பார்க்க வேண்டிய கைவேலை எது?

ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனாக்கன் அரும்பொருளகம். மணி தைத்த காலணிகள் முன்னால் நின்றால் நகர மனம் வராது. கடுகைவிடச் சின்ன மணிகளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஒவ்வொன்றாகக் கோத்துத் தைத்திருப்பார்கள். கெபாயா (பெண்களின் மேற்சட்டை) ஓரங்களில் ஓடும் பூவேலையையும் குனிந்து பாருங்கள். 2024இல் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து முன்மொழிந்து, கெபாயா யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்த ஊரில் உருவான இன்னொரு வேலையும் இருக்கிறது, இப்போது இங்கே இல்லை. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபின், ஐரோப்பியப் பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். கணவன்மார் வேறிடத்தில். உயிரோடு இருக்கிறோம் என்று தகவல் சொல்ல வழியில்லை. எத்தல் மல்வனி என்ற கனடியப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரத் துணியில் தன் பெயரையும், தன்னைப் பற்றி ஏதேனும் ஒன்றையும் தைக்க வேண்டும். அவற்றை இணைத்துப் போர்வையாக்கி ராணுவ மருத்துவமனைக்குக் காயம்பட்டவர்களுக்கென்று அனுப்பலாம். காவலர்கள் தடுக்காமல் இருக்க, காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கும் ஒரு போர்வை செய்தார்கள். மொத்தம் மூன்று, ஒவ்வொன்றிலும் 66 சதுரம். போர்வையைப் பார்த்த ஆண்களுக்கு, தைத்திருந்த பெயர்களே செய்தி. இரண்டு போர்வைகள் இன்று கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன, ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம். அதே சிறையில் சிறுமியர் சாரணர் குழுவினர், தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாக அறுகோணத் துண்டுகளில் ஒரு போர்வை தைத்தார்கள். அது லண்டனில் இருக்கிறது. இணையத்தில் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல்தான் அதிகம். நாம் முதல் வாரத்தில் கற்பவையே. பெயரைத் துணியில் தைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஊர் ஈரப்பதத்தில் துணியும் நூலும் கெடாதா?

கவனிக்காவிட்டால் கெடும். இங்கே காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். துணியில் குத்திய ஊசியை அப்படியே விட்டுப் போனால் துருக்கறை விழும், அது லேசில் போகாது. வளையத்தையும் ஒவ்வொரு முறையும் கழற்றிவிடுங்கள். வட்டத் தடம் படிந்து அதில் அழுக்குச் சேரும். நூலைக் காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிறு பைகளோடு வையுங்கள். சமைத்துவிட்டு வந்து தைக்கிறவர்கள் மஞ்சளும் எண்ணெயும் போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியவில்லை. இந்த வயதில் முடியுமா?

முடியும். நூல் நுனியைச் சாய்வாக வெட்டி, விரல்களுக்கு நடுவில் நுனி மட்டும் தெரியப் பிடித்து, ஊசியை நூலிடம் கொண்டு வாருங்கள். ஊசியில் நூலை இழுத்துத் தரும் கோப்பான் ஒன்று ஓரிரு வெள்ளிதான். பகலில் சன்னலோரம் உட்காருங்கள். ஐடாவில் 14க்குப் பதில் 11 எண் வாங்கினால் கட்டம் பெரிதாகத் தெரியும். விரல் மூட்டு வலிப்பவர்களுக்கு மெல்லிய உலோக ஊசியைவிடத் தடித்த கைப்பிடி உள்ள குரோஷே கொக்கி சுகம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கையை உதறுங்கள்.

விளக்கு வைத்த பிறகு தைக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறாரே?

அகல் வெளிச்சத்தில் ஊசி கீழே விழுந்தால் தேட முடியாது, கண்ணுக்கும் கெடுதி. அந்தக் காலத்துக்கு அது நல்ல புத்திமதி. இப்போது நல்ல மேசை விளக்கு இருக்கிறது. ஆனாலும் அம்மா வீட்டில் இருக்கும்போது அவர் சொல்வதைக் கேளுங்கள். அந்த நேரத்தில் நூலைச் சுற்றி வைக்கலாம், கோலம் வரைந்து பார்க்கலாம்.

நன்றாக வருகிறது. விற்கலாமா?

உடனே வேண்டாம். விலை போட்டவுடன் நேரம் பார்க்கத் தோன்றும், வேகம் பார்க்கத் தோன்றும், பிடிக்காத நிறத்தில் பத்துப் பை கேட்பார்கள். முதலில் வீட்டில் உள்ளவர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துத் தீருங்கள். பிறகும் விற்க ஆசை இருந்தால், நூல் விலையோடு உங்கள் மணிநேரக் கூலியையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்வது, இதையே பிழைப்பாகச் செய்யும் மற்றவர்களையும் பாதிக்கும்.

தைத்து முடித்ததை எப்படித் துவைப்பது?

சிவப்பு, கருநீலம் இருந்தால் முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள், சாயம் ஒட்டுகிறதா என்று. ஒட்டாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டு அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். எம்ப்ராய்டரியைத் தேய்க்கும்போது தடித்த துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் தேய்த்தால் தையல் நசுங்காது. பின்னலை மட்டும் கொடியில் தொங்கவிட வேண்டாம். ஈர நூலின் கனத்திலேயே அது இழுபட்டு நீண்டுவிடும். தட்டையாக விரித்து, அளவுக்கு இழுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உலரவிடுங்கள்.